சேருமிடம்

எங்கள் ஊர்ப் பெயரிலேயே திட்டு இருக்கிறது.
கன்னித்திட்டு.
பள்ளிகொண்டாவுக்குக் கிழக்கே பாலாறு இரண்டாகப் பிரிந்து
மறுபடி ஒட்டிக்கொள்கிற இடத்தில் எண்பத்தியொரு வீடு.
பிரிவதும் ஒட்டுவதும் மணல்தான்;
தண்ணீர் சர்வே வரைபடத்தில் மட்டும், நீல மையில்.
மணலில் டிவிஎஸ் உருட்டிப் போய் பஸ் பிடித்தவர்கள் நாங்கள்.
நீச்சல் தெரிந்தவன் ஒருத்தன்,
அவனும் கிணற்றில் கற்றவன்.

கார்த்திகை நாலாம் தேதி, விடியற்காலை மூணு மணி.
லாரி லாரியாக யாரோ ஜல்லி கொட்டுகிற சத்தம்.
"மணல் திருடனுங்கடா" என்று டார்ச்சோடு ஓடிய நவநீதம்
முழங்கால் நனைந்து திரும்பி வந்தாள்.
"ஆறு வந்துக்கீதுடி."

விடிந்தபோது தீவாகியிருந்தோம்.

நான் பால் சொசைட்டியில் அளவு எழுதுகிறவள்.
மாட்டுக்கு வெள்ளம் தெரியாது.
காலையில் நூற்றி எழுபது லிட்டர், மாலையில் நூற்றி இருபது,
கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும்.
வேன் அக்கரையில் நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.
முதல் நாள் தயிர்.
இரண்டாம் நாள், எந்த வீட்டுக் குண்டானைத் திறந்தாலும் தயிர்.
மூன்றாம் நாள்
ஆடிக் கூழுக்கு மட்டும் வெளியே வருகிற கோயில் அண்டாவை
ஏகாம்பரம் தெருவில் உருட்டிக்கொண்டு வந்தார்.
பால்கோவா கிண்டலாம் என்று முடிவாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்.
சொசைட்டியில் கேன் இரண்டு.
ஊருக்கு ஒன்று.
காலனிக்கு ஒன்று, கைப்பிடியில் பச்சைப் பெயின்ட் அடித்தது.
வேலூரில் ஒரே டேங்கில்தான் கவிழ்ப்பார்கள்,
அதுவரை இருபது கிலோமீட்டர்
தனித்தனியாகப் போகும் பால்.

அண்டா ஒன்றுதான் இருந்தது.
யாரும் எதுவும் பேசவில்லை.
ஈர விறகுப் புகையில் எல்லோருக்கும் கண் எரிந்தது,
யார் யாரைப் பார்த்தார்கள் என்று சொல்வதற்கில்லை.
காலனி செல்வராணி துடுப்புப் போட்டாள்.
அவள் கை ஓய்ந்தபோது
தலைவர் வீட்டு மருமகள் வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அக்கரையிலிருந்து
தோல் ஷாப் அத்தாவுல்லா
நீல டிரம் நாலைச் சேர்த்துக் கட்டி, கயிற்றோடு மிதக்கவிட்டார்.
இந்த ஆற்றைக் கொன்ற மருந்து
வந்து இறங்கிய அதே டிரம்கள்.
மெழுகுவர்த்தி, சுகர் மாத்திரை, நாப்கின்,
ஒரு தூக்கு நிறையக் கத்திரிக்காய்த் தொக்கு.
திரும்பிப் போகையில் பால்கோவா ஏற்றி அனுப்பினோம்,
கொஞ்சம் அடிப்பிடித்தது.

ஆறாம் நாள் சர்க்கரை தீர்ந்தது. விறகும்.
மாலைப் பாலைக் கரைக்குத் தூக்கிப் போய்ச் சாய்த்தோம்.
ஒரு முழம் வெள்ளையாக ஓடி
செம்மண்ணுக்குள் காணாமல் போயிற்று.
"இன்னாடி, இப்பதான் பாலாறு" என்றது ஒரு குரல். சிரித்தோம்.
செல்வராணி சிரிக்கவில்லை.
மாட்டுக்கடன் தவணை அவளுக்குப் பன்னிரண்டாம் தேதி.

நோட்டில் 'சேருமிடம்' என்றொரு கட்டம் உண்டு.
எப்போதும் வேலூர் என்று எழுதுவேன்.
அன்றைக்கு 'ஆறு' என்று எழுதினேன்.

பத்தாம் நாள் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது.
வேன் வந்தது. தலைவர் வந்து எண்ணிப் பார்த்தார்.
"இன்னொரு கேன் எங்க?"
"ஆத்தோட போய்ட்ச்சிங்க."
அப்படியே எழுதியும் வைத்தேன்:
கேன் ஒன்று, நாற்பது லிட்டர், வெள்ளச்சேதம்.

புதுக் கேனுக்கு மனு போட்டிருக்கிறார்கள்.
மேலிடத்தில் இருக்கிறதாம் காகிதம்.
அதுவரை எல்லாப் பாலும்
ஒரே கேனில் தளும்பிக்கொண்டு போகிறது.

என் கட்டிலுக்கு அடியில்
பச்சைக் கைப்பிடியைச் சாக்கால் சுற்றி வைத்திருக்கிறேன்.
உள்ளே கேழ்வரகு.
ராத்திரி எலி ஓடினால் மூடி லேசாக அதிரும்.
மறுபடி ஆறுதானோ என்று
எழுந்து உட்கார்ந்து கேட்பேன்.